குழந்தைத் திருமணத்துக்கு எதிராக ஒரு தொடர் நாடகம் எழுதுவது எப்படி?

பதினைந்து வயது மகளுக்கு மணம் முடிக்கும் பெற்றோர் பலர் அது குற்றம் என்று தெரியாமல் அதைச் செய்வதில்லை. தெரிந்திருப்பதால்தான் பத்திரிகை அடிக்காமல், மண்டபம் பிடிக்காமல், விடியற்காலையில் வெளியூர்க் கோயில் ஒன்றில் தாலி கட்டி முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அப்படியிருக்க, ‘பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21’ என்று முழங்கும் ஒரு நாடகம் அவர்களுக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. வேண்டாம் என்று நினைத்தும் சொல்ல முடியாமல் தவிக்கும் தகப்பனுக்குத் தேவைப்படுவது வேறு: தன்னைப் போல நினைப்பவர்கள் தன் உறவிலும் தெருவிலும் இருக்கிறார்கள் என்ற தெம்பும், அதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்ற வழியும். சமூக வானொலியிலோ, யூடியூப் அலைவரிசையிலோ, வீதி நாடகக் குழுவிலோ இதற்காகக் கதை எழுத உட்காருபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களின் கிராமச் சூழலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற இடங்களுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணை எந்தப் பக்கமிருந்து சொல்வது

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 23.3, 2005–06ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 47.4 ஆக இருந்தது. இந்த எண்கள் கையில் கிடைத்ததும் ‘எட்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தைத் திருமணம்’ என்று தலைப்பிடத்தான் நம் கை போகும். அதிகாரிகளை அசைக்க வேண்டுமானால் அந்தத் தலைப்பு உதவக்கூடும். ஆனால் தயங்கிக்கொண்டிருக்கும் பெற்றோரின் காதில் அது ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்றே விழும்.

இதற்கு ஒரு நல்ல சான்று அமெரிக்காவில் உள்ளது. நம் திருவக்கரையில் இருப்பதைப் போன்ற கல்மரங்கள் (கல்லாகிப்போன பழங்கால மரங்கள்) நிறைந்த அரிசோனா தேசியப் பூங்காவில், ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அறிவிப்புப் பலகைகளை வைத்துச் சோதித்தார்கள். இதற்கு முன் வந்த பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்றதால் காட்டின் இயல்பே மாறிவிட்டது என்று வருந்திய பலகை, திருட்டைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியது. கெட்ட வழக்கம் பரவலாக இருக்கிறது என்று புலம்புவது அந்த வழக்கத்துக்கே விளம்பரமாகிவிடுகிறது.

ஆகவே அதே கணக்கெடுப்பை மறுபக்கமிருந்து படியுங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பத்தேழு பெண்கள் 18 வயது நிறைவதற்கு முன் மணமேடை ஏறவில்லை. உங்கள் கதை நடக்கும் ஊர் இந்த எண்பத்தேழு பேருடைய ஊராக இருக்க வேண்டும். உங்கள் ஒன்றியத்தில் நிலைமை உண்மையிலேயே தலைகீழாக இருந்தால் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள். கேட்பவர்கள் தங்கள் தெருவைப் பார்த்துவிட்டு உங்களை நம்ப மறுப்பார்கள். அங்கே, சில ஆண்டுகளில் நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்பதையோ, மறுத்து நின்ற இரண்டு மூன்று குடும்பங்களையோ பிடித்துக்கொள்வது நல்லது.

அதிர்ச்சியை நம்பினால் என்ன ஆகும்

1986ஆம் ஆண்டு உசிலம்பட்டி வட்டாரத்தின் பெண் சிசுக்கொலை பற்றி இந்தியா டுடே வெளியிட்ட அட்டைப்படக் கட்டுரை நாட்டையே உலுக்கியது. அதுவரை பேசப்படாத ஒன்றைப் பேசவைத்த பெருமை அந்தக் காலத்துச் செய்தியாளர்களுக்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் ஓர் ஊரின் பெயரும் ஒரு சாதியின் பெயரும் கொடுமைக்கு மறுபெயராகிப் போயின. சேலத்திலும் தருமபுரியிலும் அதே வழக்கம் இருந்தபோதும் மற்ற ஊர்க்காரர்கள் ‘அது அவர்கள் வழக்கம்’ என்று ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஸ்கேன் கருவிகள் பரவியபோது அதே மனப்போக்கு கருவறைக்குள் புகுந்துகொள்ள, 1994இல் கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிரான சட்டமும் வந்தது.

1990களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் சுகாதாரத் துறை மேற்கொண்ட கலைப்பயணம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூரிலேயே கலைஞர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராக அனுப்பினார்கள். பிறந்த குழந்தையின் சாவோடு நிறுத்தாமல், வரதட்சணையையும் பெண்ணுக்கு வீட்டிலேயே காட்டப்படும் வேறுபாட்டையும் ஊர்ச் சபையில் வைத்துப் பேசினார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து விரல் நீட்டும்போது மூடிக்கொள்ளும் வாய், பக்கத்து ஊர்ப் பையன் வேடம் கட்டி வந்து கேட்கும்போது திறக்கிறது.

எழுதுவதற்கு முன் கேளுங்கள்

குழந்தைத் திருமணத்துக்கு ‘அறியாமை’ என்று ஒற்றைச் சொல்லில் காரணம் எழுதும் கதாசிரியர் எவரும் அந்த வீடுகளில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பேசினால் வேறு காரணங்கள் வெளிவரும். அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட, வயதுக்கு வந்த பெண் பாட்டியோடு தனியாக இருக்கிறாள். உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்க, மாலைப் பேருந்து வருவதில்லை. அக்காவின் கல்யாணத்தோடு தங்கையின் கல்யாணத்தையும் சேர்த்துவிட்டால் ஒரே செலவாக முடியும். பாட்டன் கண்மூடுவதற்குள் பேத்தியின் கழுத்தில் தாலி ஏற வேண்டும். நிலம் வெளியே போகாமல் உறவுக்குள்ளேயே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் யாரையாவது விரும்பி வேறு சாதிப் பையனோடு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். ‘வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கோம்’ என்ற பேச்சு பல வீடுகளில் சாதாரணமாக வந்து விழும். அந்த நெருப்பு எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் முதல் வசனத்தை எழுதாதீர்கள்.

தாய்மார்களோடு பேசுவது எளிது. தகப்பன்மாரையும் தாய்மாமன்மாரையும் தேடிப் பிடித்துப் பேசுவதுதான் கடினம், ஆனால் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், கோயில் பூசாரி, பத்திரிகை அச்சடிப்பவர், சமையல்காரர் ஆகியோரிடமும் கேளுங்கள். திருமணம் எந்த வழியாக மறைக்கப்படுகிறது என்பதை அவர்களைப் போல வேறு யாரும் சொல்ல முடியாது.

உள்ளிருந்து எழுதப்படும் கதைக்கு ஒரு தனி வலு உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறைக்கு எதிராக மேடைகளில் பேசியதோடு நிற்காமல், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதினார். அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர் என்பதால், யார் யாரிடமிருந்து என்ன பெறுகிறார்கள், எந்தச் சொல்லால் ஒருவரை மடக்குகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்தது. ஒரு வழக்கம் யாருக்கு வருமானம், யாருக்குக் கௌரவம், யாருக்குப் பாதுகாப்பு என்று தெரியாமல் அதைக் கதையில் அவிழ்க்க முடியாது.

கதையின் நாயகர் யார்

மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சாபிடோ 1970களில் உருவாக்கிய முறை, சமூக நோக்கமுள்ள தொடர்களுக்கு இன்றும் அடித்தளமாக உள்ளது. நல்வழியைப் பிடித்து நிற்பவர், தீயவழக்கத்தை ஆதரிப்பவர், இருவருக்கும் இடையில் ஊசலாடி மெல்ல மாறுபவர் என்று மூவகைப் பாத்திரங்களை அவர் வகுத்தார். தொடரின் உயிர் மூன்றாமவரிடம் இருக்கிறது. கேட்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது அவரிடத்தில்தான்.

நம் ஊர்க் கதைகளில் பெரும்பாலும் பெண்ணே நாயகியாகிறாள்: துணிந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கிறாள், திருமணம் நிற்கிறது, மறுநாள் பள்ளிக்குப் போகிறாள். அப்படிப்பட்ட பெண்கள் உண்மையில் இருக்கிறார்கள், அவர்களைப் போற்றவும் வேண்டும். ஆயினும் பதினான்கு வயதுச் சிறுமியின் தோளில் ஊரைத் திருத்தும் பொறுப்பைச் சுமத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சோற்றுக்கும் படுக்கைக்கும் அவள் அந்த வீட்டைத்தான் நம்பியிருக்கிறாள். ஊசலாடும் தகப்பனை நடுவில் வையுங்கள். அவர் குடிகாரராகவோ கொடியவராகவோ இருக்க வேண்டாம். மகளின் மீது உயிரையே வைத்திருப்பவராக இருக்கட்டும், அந்த அன்பினாலேயே தவறான முடிவுக்கு வரட்டும். முதல் அத்தியாயத்தில் திருமணத்துக்கு ஒப்புக்கொள்ளும் அவருடைய காரணம் கேட்பவருக்கு நியாயமாகப் படாவிட்டால், பின்னால் அவர் மாறும்போது அந்த மாற்றத்துக்கு மதிப்பிருக்காது.

அவர் மாறுவதும் ஒரே நாளில் நடக்கக் கூடாது. ஆசிரியையின் ஒரு சொற்பொழிவில் மனம் திருந்துகிற அப்பாக்களைக் கேட்டு நாம் அலுத்துவிட்டோம். அவர் ஒருமுறை சம்மதிக்கட்டும், பிறகு தள்ளிப்போடட்டும், தன் அக்காவின் கண்ணீருக்கு மீண்டும் இறங்கட்டும், தன்னைப் போன்ற இன்னொரு தகப்பனைச் சந்தையில் சந்திக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் ஒரு வரலாறு வேண்டும்: அவளும் பதினைந்தில் மணமாகி வந்தவள், ‘நான் என்ன கெட்டா போய்விட்டேன்’ என்று கேட்பவள். அந்தக் கேள்விக்கு அவளே தனிமையில் விடை சொல்லும் ஓர் அத்தியாயம் உங்களுக்குக் கைகூடினால், தொடரிலேயே சிறந்த அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு காட்சியை மாதிரிக்குத் தருகிறேன். தன் மகனுக்குத் தம்பியின் பெண்ணைக் கேட்டு அக்கா வந்திருக்கிறாள்.

— பொண்ணு பெரியவளாகி வருசம் ரெண்டாச்சு தம்பி. என் மவனுக்கு இல்லாத உரிமை வேற எவனுக்கு?

— உரிமை இல்லேன்னு நான் சொல்லலக்கா. பன்னெண்டாவது முடியட்டுங்கறேன்.

— அதுவரைக்கும் ஊர் வாயை யாரு மூடறது?

— ஊர்ல யாருக்கா கேக்கறா? உன் கொழுந்தனார் மவ காலேஜுக்குப் போறா. அவளை யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லி நீ கேட்டிருக்கியா?

இந்தத் தகப்பன் சட்டத்தை இழுக்கவில்லை, உறவை முறிக்கவில்லை, அக்காவின் முகம் வாட மறுப்புச் சொல்லவும் இல்லை. தள்ளிப்போடுகிறார், கூடவே, அக்காவின் புகுந்த வீட்டிலேயே இருக்கும் ஒரு மறுப்பைச் சுட்டிக்காட்டுகிறார். கேட்பவர் இதே வாக்கியத்தை நாளைத் தன் அக்காவிடம் எடுத்துச் சொல்ல முடியும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் இப்படிக் கடன்வாங்கத் தக்க ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு உதவியைச் சொல்வதானாலும் இப்படிப் பேச்சோடு பேச்சாக வரட்டும்: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவியாக இருந்து 2022இல் இப்படி மாற்றப்பட்டது என்ற செய்தியே இரண்டு தாய்மார் பேசிக்கொள்ளும் ஒரு காட்சிக்குப் போதுமானது.

இரண்டு இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள். காதலித்து ஓடிப்போகும் பெண்ணைக் கதைத் திருப்பமாகப் பயன்படுத்தினால், தகப்பனின் பயம் சரிதான் என்று நீங்களே முத்திரை குத்திவிடுகிறீர்கள். பதின்வயதுக் காதலைப் பேசுவதாக இருந்தால் அதற்கென்று தனியாக இடம் கொடுத்து, பெண் வீட்டில் மனம்விட்டுப் பேச வழி இல்லாததையும் சேர்த்துப் பேசுங்கள். மற்றொன்று சாவு. அகில இந்திய வானொலி 1996–97இல் இந்தியில் ஒலிபரப்பிய ‘தின்கா தின்கா சுக்’ தொடரில் வரதட்சணைக் கொடுமை தாளாமல் ஓர் இளம் மருமகள் தற்கொலை செய்துகொள்வாள். அது கேட்டவர்களை ஆழமாக உலுக்கியது உண்மைதான். இருந்தும், உங்கள் தொடரைக் கேட்கப்போகிறவர்களில் அதே நெருக்கடியில் இருக்கும் சிறுமிகள் உண்டு. சாவை ஒரு வழியாக அவர்களுக்குக் காட்டாதீர்கள்.

கேட்டவர் என்ன செய்ய முடியும்

தென்னாப்பிரிக்காவின் ‘சோல் சிட்டி’ தொடர் 1999இல் குடும்ப வன்முறையைக் கையில் எடுத்தது. மனைவியை அடிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு வெளியே அக்கம்பக்கத்தார் கூடிப் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்பி அவரை வெட்கப்பட வைப்பார்கள். சண்டையில் குறுக்கிடாமல், கதவை உடைக்காமல், யாரும் தனியாக மாட்டிக்கொள்ளாமல் செய்யக்கூடிய ஒன்று அது. பின்னர் சில இடங்களில் மக்கள் உண்மையாகவே அப்படிச் செய்ததாகத் தகவல்கள் வந்தன. தொடரின் பின்னணியில் பெண்கள் அமைப்புகளும் உதவித் தொலைபேசியும் இருந்தன. 1998இல் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வராமல் கிடந்த குடும்ப வன்முறைச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி அதே வேளையில் நெருக்குதலும் தரப்பட்டது. திரைக்கதையைப் புகழும் பலர் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள்.

உகாண்டாவின் கிராமங்களில் திரைப்படக் காட்சிகளின் இடைவேளையில், பெண்கள் மீதான வன்முறையைப் பற்றி வாய்திறக்கத் தூண்டும் சிறு நாடகங்களைக் காட்டி ஆய்வு செய்தார்கள். பல மாதங்கள் கழித்துக் கேட்டபோது, வன்முறை நியாயமா என்பதில் மக்களின் கருத்து பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் வெளியே சொல்வேன் என்ற பெண்கள் கூடியிருந்தார்கள். கதையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. மனத்தை மாற்றுவதாகச் சபதம் செய்யாதீர்கள். வாயைத் திறக்க வையுங்கள்.

நம் கதையில் அப்படிச் செய்யக்கூடியவை என்ன? குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்பதால் அவருக்குத் தகவல் தரலாம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, திருமணம் நடப்பதற்கு முன்பே குற்றவியல் நடுவரிடம் தடையாணை பெறலாம். நடத்தி வைப்பவர்க்கும் உடன்பட்ட பெரியவர்களுக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏற்கெனவே மணம் முடிக்கப்பட்டவர், 18 வயது நிறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அதைச் செல்லாததாக்கக் கோரலாம். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது என்பதால் அதற்கு ஒரு கிளைக்கதையே தரலாம். எண்ணை அறிவிப்பாளர் வாசிப்பதைவிட, ஒரு பாத்திரம் அழைப்பதையும், மறுமுனையில் என்ன கேட்பார்கள், அடுத்து யார் வருவார்கள் என்பதையும் முழுக் காட்சியாக ஒலிக்க விடுவது மேல். அதற்கு முன், உங்கள் பகுதியில் அழைத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று அதிகாரிகளோடு பேசித் தெரிந்துகொள்ளுங்கள். கதையில் அதிகாரி அரை மணியில் வந்து, ஊரில் மறுநாளும் வராவிட்டால் உங்கள் தொடர் பொய்யாகிவிடும்.

உண்மைப் பெண்களின் கதையை எடுக்கும்போது

நாடகத்தோடு நேர்காணலும் சேர்க்க விரும்பினால் சட்டத்தை முதலில் படியுங்கள். உரிய வயதுக்கு முன் மணம் முடிக்கப்படும் ஆபத்தில் இருக்கும் குழந்தையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகக் கருதுகிறது; அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு அக்குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அப்படியே. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலையும் அம்மாவின் குரலையும் ஊர்ப்பெயரையும் வைத்துக்கொண்டால், ஐந்நூறு வீடுகள் உள்ள ஊரில் அவள் யார் என்று யாருக்கும் தெரியாமலா இருக்கும்? திருமணத்தை நிறுத்திய சிறுமியைக் காவலர்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்துப் பாராட்டும் செய்திகளையும் நான் ஏற்பதில்லை. அன்று இரவு அவள் அதே உறவினர் நடுவே இருக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது வயதில் இருக்கும் பெண்கள் தாங்களாகவே முன்வந்து பழையதைச் சொல்வதாக இருந்தால் பதிவு செய்யுங்கள். ஒலிபரப்புவதற்கு முன் அவர்களிடம் போட்டுக்காட்டி, வேண்டாம் என்பதை நீக்குங்கள்.

ஒலிபரப்பியதோடு முடிவதில்லை

1996 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் என்ற சிற்றூரிலிருந்து அகில இந்திய வானொலிக்கு ஒரு பெரிய சுவரொட்டி அளவுக் கடிதம் வந்தது. மேலே சொன்ன ‘தின்கா தின்கா சுக்’ தொடரைக் கேட்டுவந்த 184 பேர் கையெழுத்திட்டும் கைநாட்டு வைத்தும், வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். பின்னர் அங்கே போன ஆய்வாளர்கள், அந்த ஆர்வம் உண்மையானது என்பதையும், பழைய அதிகார உறவுகள் அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். அந்த ஊரில் தொடரைக் கூடிக் கேட்டார்கள், கேட்டதைப் பற்றி விவாதித்தார்கள். தனியாகக் காதில் மாட்டிக் கேட்பவர் தன் எண்ணத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வார். கூட்டத்தில் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவது தெரியும்.

எனவே மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டு நேரத்திலும், தேநீர்க் கடையிலும் அத்தியாயத்தைப் போட்டுக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். ஆண்கள் கூடும் இடம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும். முடிந்ததும் ‘உங்கள் கருத்து என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தருவார்கள். ‘அந்த அப்பா இப்போது என்ன செய்ய வேண்டும், அக்காவிடம் எப்படிச் சொல்ல வேண்டும்’ என்று கேளுங்கள். அடுத்தடுத்த அத்தியாயங்களுக்கு வேண்டிய வசனம் அங்கிருந்தே கிடைக்கும். முழுத் தொடரையும் முன்கூட்டியே பதிவு செய்து முடித்துவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

முதல் இரண்டு அத்தியாயங்களை ஒலிபரப்புக்கு முன்பே ஒரு சிறு குழுவுக்குப் போட்டுப் பாருங்கள். திருமணத்தை வற்புறுத்தும் அத்தையின் வசனத்துக்குக் கைதட்டல் அதிகமாக விழுந்தால் எழுத்தை மாற்ற வேண்டும். கெட்டிக்கார வில்லியின் பக்கம் கேட்பவர் சாய்ந்துவிடுவது தொடர் நாடகங்களில் அடிக்கடி நடப்பதுதான்.

ஒலிபரப்பும் காலத்தையும் யோசித்து வையுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பள்ளி மூடியிருக்கும் கோடை விடுமுறையில், பெண் வகுப்புக்கு வராததை யாரும் கவனிப்பதில்லை. திருமணப் பேச்சு முடிவுக்கு வர அது வசதியான காலம். ஜூனில் தொடங்கும் தொடர் பல வீடுகளுக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். தை மாதத்தில் தொடங்கி வாரம் இரண்டு அத்தியாயம் என்று போனால், தகப்பன் தன் அக்காவிடம் முதல்முறையாக மறுத்துப் பேசும் காட்சியைத் தேர்வு முடிவதற்குள் கொண்டுவந்துவிடலாம்.